நோனா கப்ரின்டாஷ்விலியின் 1978 ஜி.எம். பட்டம்: ஆடி எடுத்ததா, சலுகையா?

சதுரம்64:
ஜார்ஜிய செஸ் வீராங்கனை நோனா பற்றி ஒரு வாழ்க்கைக் குறிப்பு தொகுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு இடத்தில் "முதல் பெண் கிராண்ட்மாஸ்டர், 1978" என்று இருக்கிறது. இன்னொரு இடத்தில் அந்தப் பெருமை 1991-இல் சூசன் போல்கருக்குப் போகிறது. நார்ம் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும், ஒரு போட்டியில் எட்ட வேண்டிய தகுதி அளவு) முழுமையாகாமலே ஃபிடே (சர்வதேச செஸ் கூட்டமைப்பு) தூக்கிக் கொடுத்த பட்டம் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். போதாததற்கு, 2020-இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் செஸ் தொடரில் "ஆண்களோடு ஆடியதே இல்லை" என்று இவர் பெயரைச் சொல்லியே ஒரு வசனம். இதில் எதை எப்படி எழுதினால் தப்பில்லாமல் இருக்கும்? டபிள்யூ.ஜி.எம்.முக்கும் (பெண்கள் கிராண்ட்மாஸ்டர்) ஜி.எம்.முக்கும் (கிராண்ட்மாஸ்டர்) உள்ள வித்தியாசத்தையும் யாராவது எண்களோடு சொன்னால் நல்லது.

எண்ட்கேம்_ராஜா:
கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் சிக்கியிருக்கிறது.

ஜி.எம். ஆக இன்றைய விதிப்படி இரண்டு தேவை. ரேட்டிங் (ஆட்ட வலிமையைக் காட்டும் புள்ளி) ஒருமுறையாவது 2500-ஐத் தொட வேண்டும். அதன்பின் இறங்கினாலும் பரவாயில்லை. அடுத்தது, குறைந்தது 27 ஆட்டங்களை உள்ளடக்கிய நார்ம்கள். ஒன்பது சுற்றுப் போட்டி என்றால் மூன்று நார்ம். ஒவ்வொன்றிலும் பெர்ஃபாமன்ஸ் (அந்த ஒரு போட்டியில் ஆடிய ஆட்டத்துக்கான ரேட்டிங்) 2600, எதிராளிகளில் மூன்று பேராவது ஜி.எம்., பாதிப் பேராவது பட்டம் பெற்றவர்கள், எதிராளிகளின் சராசரி ரேட்டிங் 2380-க்குக் குறையக் கூடாது.

சராசரி 2380-தான் என்றால் ஒன்பதுக்கு 7 புள்ளி எடுக்க வேண்டும் (78 சதவீதப் புள்ளிக்கு ஃபிடே அட்டவணையில் சராசரியோடு 220 கூடும், ஆக 2600). 6.5 எடுத்தால் கூடுவது 166-தான், எனவே சராசரி 2434 ஆக இருக்க வேண்டும். 6 புள்ளி என்றால் 2475. கடைசிச் சுற்றில் டிரா போதுமா, ஜெயிக்க வேண்டுமா என்பது இந்தக் கணக்கில்தான் தீரும். எட்டுச் சுற்றுவரை எல்லாம் சரியாக வந்து, ஒன்பதாவதில் ரேட்டிங் குறைந்த, பட்டமில்லாத ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தால் சராசரியும் சரியும், பட்டக்காரர் எண்ணிக்கையும் குறையும். ஜெயித்தாலும் நார்ம் போய்விடும்.

டபிள்யூ.ஜி.எம். இதே அச்சில் வார்த்ததுதான், எல்லாமே 200 புள்ளி கீழே: ரேட்டிங் 2300, பெர்ஃபாமன்ஸ் 2400. ஜி.எம்.முக்கு அடுத்த படியான ஐ.எம். (இன்டர்நேஷனல் மாஸ்டர்) ஆகவே 2400 ரேட்டிங் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். இந்தப் பெண்கள் பட்டத்தை ஃபிடே கொண்டுவந்தது 1976-இல். நோனாவிடம் அதுவும் இருந்தது. 1978-இல் வந்தது வேறு, ஆண்கள் பெறும் அதே ஜி.எம். பட்டம். இந்த இரண்டையும் "கிராண்ட்மாஸ்டர்" என்று ஒரே சொல்லில் எழுதுவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

சிசிலியன்:
நார்ம் விஷயம். அன்றைய விதி 24 ஆட்டங்கள் கேட்டது. நோனாவுக்கு இரண்டு நார்ம், இரண்டும் சேர்ந்து 23 ஆட்டம். ஒன்று குறைந்தது. இரண்டாவது நார்ம் வந்தது கலிஃபோர்னியாவின் லோன் பைனில், 1977-இல். கிராண்ட்மாஸ்டர்கள் நிறைந்த ஓபன் போட்டி. பெண்களுக்கென்று தனிப் பிரிவு கிடையாது. ஒன்பதில் 6.5 எடுத்து பலாஷொவ், பன்னோ, சாஹோவிச் மூவருடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அந்த ஆட்டங்களின் தரத்தைப் பார்த்து, 24 ஆட்டத்துக்குச் சமம் என்று ஃபிடே ஏற்றுக்கொண்டது.

"சலுகை" என்று எழுதினால் தவறில்லை, ஆனால் எவ்வளவு சலுகை என்றும் சேர்த்து எழுதுங்கள்: 24-க்கு ஒரு ஆட்டம். அதை விட்டுவிட்டு "நார்ம் இல்லாமல் கொடுத்தார்கள்" என்று எழுதுவது அப்பட்டமான பொய். லோன் பைனில் "முதலிடம்" என்று மொட்டையாகப் போடுவதும் சரியல்ல, நால்வரில் ஒருவர்.

சூசனுக்கு வருவோம். மூன்று நார்ம், 2500 ரேட்டிங் என்று வழக்கமான பாதையில் முழுக்க நடந்து பட்டம் வாங்கிய முதல் பெண் அவர், 1991 ஜனவரியில். இடையில் 1984-இல் மாயா சிபுர்டானிட்ஸே ஜி.எம். ஆகிவிட்டார். ஆக, "பட்டம் பெற்ற முதல் பெண் நோனா, நார்ம், ரேட்டிங் இரண்டையும் முழுதாக நிறைவுசெய்து பெற்ற முதல் பெண் சூசன்." இரண்டு வாக்கியமும் ஒன்றோடொன்று மோதவில்லை.

குதிரைப்பாய்ச்சல்:
வாழ்க்கைக் குறிப்புக்கு வேண்டிய ஆண்டுகள், அடிக்கடி தவறாக வருபவை மட்டும்:

பிறப்பு 1941 மே 3, மேற்கு ஜார்ஜியாவின் சுக்திதி. பயிற்சி திபிலிசியில், வக்தாங் கர்செலாட்ஸேயிடம். ரஷ்யர் என்று எழுதிவிடாதீர்கள். சோவியத் கொடியின் கீழ் ஆடியவர், ஆனால் ஜார்ஜியர். பெயரின் கடைசியில் "ஷ்விலி", "ட்ஸே" என்று வந்தாலே அந்த ஊர்க்காரர்தான்.

1962-இல் மாஸ்கோவில் பைகோவாவிடமிருந்து பெண்கள் உலக சாம்பியன் பட்டத்தைப் பறித்தார், 9–2. பதினோரு ஆட்டத்தில் ஏழு வெற்றி, நான்கு டிரா. ஒன்றில்கூடத் தோற்கவில்லை. பிறகு அல்லா குஷ்னிர் மூன்று முறை (1965, 1969, 1972) மோதித் தோற்றார். கடைசி முறை 8.5–7.5, மயிரிழை. 1975-இல் நானா அலெக்சாண்ட்ரியாவும் தோற்றார். 1978-இல் பிட்சுண்டாவில் 17 வயது மாயாவிடம் 6.5–8.5 என்று பட்டம் போனது. மகுடம் இறங்கியதும் ஜி.எம். வந்ததும் ஒரே ஆண்டு என்பதால், மகுடத்தைத் தோற்றதற்கு ஆறுதலாக ஜி.எம். கொடுத்தார்கள் என்று சிலர் முடிச்சுப் போடுகிறார்கள். நார்ம் வந்தது அதற்கு முந்தைய ஆண்டு.

"மிக நீண்ட காலம் சாம்பியன்" என்ற வரியையும் தவிருங்கள். 16 ஆண்டு பெரிய விஷயம்தான், ஆனால் வேரா மென்சிக் 1927 முதல் 1944-இல் குண்டுவீச்சில் இறக்கும்வரை சாம்பியன்.

நாடுகளின் அணிகள் மோதும் செஸ் ஒலிம்பியாடில் 11 அணித் தங்கம். அதில் 1992 மட்டும் தனி நாடான ஜார்ஜியாவுக்கு, மற்றவை சோவியத்துக்கு. 1986 துபாயில் ஆடிய பத்து ஆட்டத்தையும் வென்றார். அப்போது வயது 45.

எண்ட்கேம்_ராஜா:
அதே 1986 துபாயில் ஃபிடே எடுத்த ஒரு முடிவு இந்தக் கதைக்கு ரொம்ப முக்கியம். பெண்கள் தங்களுக்குள்ளேயே ஆடியதால் அவர்களின் ரேட்டிங் ஆண்கள் பட்டியலோடு ஒப்பிடும்போது குறைவாகத் தெரிகிறது என்று சொல்லி, 1987 ஜனவரிப் பட்டியலில் எல்லாப் பெண்களுக்கும் 100 புள்ளி கூட்டினார்கள். சூசனுக்கு மட்டும் இல்லை, ஏனென்றால் அவர் பெரும்பாலும் ஆண்களோடுதான் ஆடினார். விளைவு, பெண்கள் பட்டியலின் முதலிடம் அவர் கையைவிட்டு மாயாவிடம் போனது. தனிக் குளத்தில் நீந்துகிறவர்களின் ரேட்டிங் வெளியுலக அளவுகோலில் நிற்காது என்பது தர்க்கப்படி சரிதான். ஆனால் வெளியே போய் ஆடியவருக்கு அதில் கிடைத்தது நஷ்டம்.

சிசிலியன்:
நெட்ஃபிளிக்ஸ் தொடர் பற்றி. வசனம் வரும் காட்சி 1968 மாஸ்கோவில் நடப்பது. நோனா அதற்குள் 1963–64-இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் போட்டியில், ஆண்களும் ஆடிய சேலஞ்சர்ஸ் பிரிவையே வென்றிருந்தார். 1968-க்குள் 59 ஆண்களோடு ஆடியிருக்கிறார் என்கிறது, இந்த வசனத்துக்காக நெட்ஃபிளிக்ஸ் மீது அவர் போட்ட வழக்கின் மனு. இந்த எண்ணை எடுத்தாளும்போது ஒரு எச்சரிக்கை: அதில் 28 பேரோடு ஆடியது சைமல் (ஒருவரே ஒரே நேரத்தில் பலரோடு ஆடுவது), போட்டி ஆட்டமல்ல. கழித்துப் பார்த்தாலும் "ஆடியதே இல்லை" நிற்காது. தொடருக்கு மூலமான 1983 நாவலிலோ, அவர் ரஷ்யக் கிராண்ட்மாஸ்டர்களைப் பலமுறை சந்தித்தவர் என்றே இருக்கிறது. திரைக்கு மாற்றியவர்கள்தான் தலைகீழாக்கினார்கள்.

வழக்கு 2021 செப்டம்பரில், லாஸ் ஏஞ்சலஸில், 50 லட்சம் டாலர் கேட்டு. கற்பனைக் கதை என்பதால் தள்ளுபடி செய்யுங்கள் என்ற நெட்ஃபிளிக்ஸின் கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2022 செப்டம்பரில் சமரசம். "வென்றார்" என்று எழுதாதீர்கள், தீர்ப்பே வரவில்லை.

சதுரம்64:
மிக்க நன்றி, எல்லோருக்கும். ஒரே ஒரு துணைக் கேள்வி: இந்திய வீராங்கனை திவ்யா தேஷ்முக் நார்ம் இல்லாமலே ஜி.எம். ஆனது இதே மாதிரிதானா?

குதிரைப்பாய்ச்சல்:
இல்லை. அது நேரடிப் பட்டம். குறிப்பிட்ட சில போட்டிகளை வென்றால் நார்ம் கணக்கே தேவையில்லை என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மகளிர் உலகக் கோப்பை அதில் ஒன்று. 2025-இல் இறுதிச் சுற்றில் கோனேரு ஹம்பியை டைபிரேக்கில் வென்றதும் பட்டம் தானாக வந்துவிட்டது. நோனாவுக்கு நடந்தது விதியில் ஒரு ஆட்டத் தளர்வு. இரண்டையும் ஒரே பத்தியில் போட்டுக் குழப்பிவிடாதீர்கள். சொல்ல மறந்தேன், அந்த உலகக் கோப்பை நடந்த பட்டுமி இருப்பதும் ஜார்ஜியாவில்தான்.