வாட்ச் நின்னுபோச்சு, ஹேண்டிகேம் மட்டும் எப்படி ஓடுச்சு? – வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ் (2005)

கடைசிரீல்:
பக்கத்து இழையில செம்பாசி எழுதினது இது: //ஸ்பீல்பெர்க் எடுத்த 2005 படத்துல லாஜிக் ஓட்டைன்னு ஒண்ணுகூட கிடையாது. குறை சொல்றவங்க படத்தை ஒழுங்கா பார்க்கலை.//

ஒழுங்கா பார்த்துட்டுத்தான் கேக்குறேன். ஒரே இடத்துல 26 தடவை மின்னல் விழுது. அதோட ஏரியாவுல கரண்ட் போச்சு, போன் போச்சு, ஓடிக்கிட்டிருந்த கார் எல்லாம் நடுரோட்ல நின்னுபோச்சு. டாம் க்ரூஸ் கையில கட்டியிருக்கிற வாட்ச்கூட நின்னுபோச்சு. கொஞ்ச நேரத்துல அதே நாற்சந்தியில ட்ரைபாட், அதாவது வேத்துக்கிரகத்துக்காரங்களோட மூணு கால் எந்திரம், தரையைப் பிளந்துகிட்டு எந்திரிக்குது. கூட்டத்துல ஒருத்தன் ஹேண்டிகேம்ல நிதானமா படம் பிடிக்கிறான்! கேமரா தரையில விழுது, அதோட குட்டித் திரையில ஜனங்க பொசுங்குறது பளிச்சுனு தெரியுது. வாட்ச் செத்த ஊர்ல ஹேண்டிகேம் எப்படி ஓடுச்சு? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

செம்பாசி:
சொல்றேன். அந்த மின்னலோட வர்றது மின்காந்தத் துடிப்பு, அதாவது சட்டுனு எழுந்து அடங்குற பலமான மின்காந்த வீச்சு. அது ஒரு பொருளைச் சுத்தியல் மாதிரி நேரா அடிக்கிறதில்லை. நீளமான கம்பி ஆன்டெனா மாதிரி அதைப் பிடிச்சு உள்ளே கொண்டுவரும். மின்சார லைன், டெலிபோன் லைன், காருக்குள்ள ஓடுற வயரிங் எல்லாம் அப்படித்தான் மாட்டுது. 1962 ஜூலையில பசிபிக் மேல 400 கிலோமீட்டர் உயரத்துல அமெரிக்கா வெடிச்ச ஸ்டார்ஃபிஷ் பிரைம் அணுகுண்டு, 1,400 கிலோமீட்டருக்கு அப்பால ஹவாய்ல தெருவிளக்கு வரிசைகளை அணைச்சது. அங்கேயும் மாட்டினது நீளமான லைன்ல இருந்த விளக்குதான். ஹேண்டிகேம்ல என்ன இருக்கு? தனி லித்தியம் பேட்டரி, உள்ளே சென்டிமீட்டர் கணக்குல வயர். சார்ஜர்ல சொருகாம பையில அணைச்சு வெச்சிருந்தா தப்பிக்கிறது சாதாரண விஷயம். படம் பார்க்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் இயற்பியலும் பார்க்கலாம்.

கடைசிரீல்:
//உள்ளே சென்டிமீட்டர் கணக்குல வயர்//

ரொம்ப சந்தோஷம். வாட்ச்ல எத்தனை மீட்டர் வயர் இருக்கு? குவார்ட்ஸ் வாட்ச்னா ஒன்றரை வோல்ட் பட்டன் செல், நொடிக்கு 32,768 தடவை அதிர்ற ஒரு படிகம், முள்ளைத் தள்ள ஒரு குட்டிச் சுருள். மொத்தமும் ஒரு நாணயத்துக்குள்ள அடங்கும், மேல உலோகக் கூடு வேற. உங்க கணக்குப்படி ஹேண்டிகேமுக்கு முன்னாடி தப்பிக்க வேண்டியது வாட்ச்தான். சின்னது செத்துப்போச்சு, பெருசு ஓடுது. நீங்க சொன்ன இயற்பியலே உங்களுக்கு எதிர்சாட்சி. ஹேண்டிகேம் எப்படி ஓடுச்சு?

பழையபிரிண்ட்:
அந்த வாட்ச் எங்கேயிருந்து வந்ததுன்னு இங்க யாருக்கும் தெரியலையா? அது இதே கதையை முதல்ல எடுத்த 1953 படத்தோட சொத்து. ஜார்ஜ் பால் தயாரிச்சு, பைரன் ஹாஸ்கின் இயக்கின படம். ஊர்ல டான்ஸ் நடக்கும்போது விளக்கு அணையும், போன் செத்துடும், எல்லார் வாட்ச்சும் ஒரே நேரத்துல நிக்கும். அதுல காரணத்தையும் சொல்லிட்டாங்க: வாட்ச் காந்தமேறிப்போச்சு. திசைகாட்டி முள் வடக்கை விட்டுட்டு விண்கல் விழுந்த பள்ளத்தைக் காட்டும். சாவி கொடுக்கிற வாட்ச்ல எஃகு மயிர்ச்சுருள் (மயிரிழை மாதிரி மெல்லிய ஸ்பிரிங்) இருக்கும். அது காந்தமேறினா வளையத்தோட வளையம் ஒட்டிக்கும், வாட்ச் கண்டபடி வேகமா ஓடும் இல்லைன்னா நின்னுடும். 1953ல அது நியாயமான காட்சி. 2005ல அதை அப்படியே தூக்கிட்டு வந்தவங்க காரணத்தை மட்டும் அங்கேயே விட்டுட்டாங்க.

செம்பாசி:
அப்ப வாட்ச் நின்னது காந்தத்தால. கேமராவை அது ஒண்ணும் பண்ணலை. கேள்வி முடிஞ்சுபோச்சு.

கடைசிரீல்:
எங்க முடிஞ்சுது? 2005ல கையில போற டிஜிட்டல் ஹேண்டிகேம் பெரும்பாலும் டேப்ல பதியிறது. பதியிற தலை பொருத்தின உருளை நிமிஷத்துக்கு 9,000 சுத்து சுத்தி காந்த நாடாவுல எழுதுது. வாட்ச்சை நிறுத்துற அளவுக்குக் காந்தம்னா அந்த மோட்டாரும் நாடாவும் மட்டும் எப்படிச் சுத்தமா இருக்கும்? நேத்து துடிப்பு, இன்னைக்குக் காந்தம், நாளைக்கு என்ன?

தண்டர்சைல்ட்:
நாவலைப் படித்தவர்கள் இந்த இழையில் யாராவது இருக்கிறீர்களா? படத்துக்கு மூலமான ஹெச்.ஜி. வெல்ஸின் கதையில் மின்னல் வழியே இறங்குவதும் இல்லை, செத்த வாட்சும் இல்லை, மண்ணுக்குள் புதைத்து வைத்த எந்திரமும் இல்லை. 1897இல் தொடராகவும் 1898இல் நூலாகவும் வந்தது. செவ்வாயிலிருந்து சுடப்பட்ட உருளைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றன, முதலாவது இங்கிலாந்தின் வோக்கிங் அருகே ஹார்செல் பொட்டலில். உருளை ஆறும்வரை காத்திருக்கிறார்கள், மூடி உள்ளிருந்து திருகித் திறக்கிறது, பிறகுதான் ஆட்களைப் பொசுக்கும் வெப்பக்கதிர். வந்தவர்கள் எந்திரத்தைத் தாங்களே பூட்டி எழுப்புகிறார்கள். அந்தத் தாமதத்தில்தான் பயமே இருக்கிறது. மனிதன் தோன்றும் முன்பே புதைத்துவிட்டார்கள் என்று 2005இல் மாற்றியதும் அது போயிற்று. சாக்கடை வெட்டியபோது, சுரங்கப்பாதை தோண்டியபோது, அஸ்திவாரத்துக்குத் துளை போட்டபோது ஒன்றுகூட தட்டுப்படவில்லையாம். இதை விட்டுவிட்டு ஒரு கேமராவைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

கடைசிரீல்:
புதைச்ச கதைக்கு ஆழம்னு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். ஹேண்டிகேமுக்கு அதுவும் முடியாது.

பழையபிரிண்ட்:
//நாவலைப் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?// போன இழையிலேயும் இதே வரிதான். எங்களுக்கும் படிக்கத் தெரியும் ஐயா. 1953 படம் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கார் வாங்கினது. திருக்கை மீன் மாதிரி அந்த எந்திரம் மிதந்து வர்றதைத்தான் இன்னைக்கும் ஆள் ஆளுக்கு வரையறாங்க.

தண்டர்சைல்ட்:
முக்காலி எந்திரத்தின் காலையே எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத காந்தக் கால் என்று வசனத்தில் ஒட்டவைத்த படம் அது. அதைவிடப் பெரிய குற்றம், கடைசியில் எல்லோரையும் தேவாலயத்தில் மண்டியிட வைத்தது. வெல்ஸ் எழுதிய பாதிரியார் இடிந்த வீட்டுக்குள் புலம்பிப் புலம்பிக் காட்டிக்கொடுக்கப் பார்ப்பவர், கதைசொல்லியே அவரை அடித்துச் சாய்க்கிறார். 1953இல் அதே பாதிரியார் சிலுவையோடு எதிரே நடந்துபோகும் தியாகி. காலை வெட்டியது போதாதென்று தலையையும் மாற்றிவிட்டார்கள்.

ஒலிப்பெட்டி:
கேமரா விஷயத்துக்கு வர்றேன். அந்த ஷாட் எதுக்குன்னு யாரும் கேக்கலை. படம் பிஜி-13 சான்றிதழ், அதாவது 13 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்குப் பெத்தவங்க கவனம் வேணும்ங்கற அமெரிக்கத் தரம். ஆள் பொசுங்குறதை முழுத்திரையில நேரா வரிசையா காட்டிக்கிட்டே இருக்க முடியாது. உள்ளங்கை அளவு திரைக்குள்ள, தரையில சாய்ஞ்ச கோணத்துல காட்டினா அளவு குறையுது, பயம் கூடுது. சாம்பல் க்ரூஸ் முகத்துல அப்பிக்கிட்டு வர்றதையும் சேர்த்துப் பாருங்க, ரத்தம் ஒரு சொட்டு இல்லை. ஹைவேல வேனுக்குள்ள அப்பனும் பிள்ளைகளும் கத்துற ஷாட்டும் அப்படித்தான். கேமரா உள்ளே போய், வெளியே வந்து, வேனைச் சுத்துது. ரெண்டு நிமிஷத்துக்கு மேல வெட்டே தெரியாது. தனித்தனியா எடுத்த துண்டுகளைக் கம்ப்யூட்டர்ல தைச்சது, ஆனா தையல் எங்கேன்னு கண்டுபிடிக்க முடியலை. விஷுவல் எஃபெக்ட்ஸ், ஒலிக்கலவை, ஒலித்தொகுப்புன்னு மூணு ஆஸ்கார் பரிந்துரை. மூணும் கிங் காங்குக்குப் போச்சு, அது வேற வயித்தெரிச்சல்.

கடைசிரீல்:
ஷாட் அழகு, நான் மறுக்கலை. நான் கேட்டது எதுக்கு வெச்சாங்கன்னு இல்லை, எப்படி ஓடுச்சுன்னு.

செம்பாசி:
கார் டிக்கியில இருந்திருக்கலாம். டிக்கி ஒரு தகரப் பெட்டி, துடிப்புல பெரும்பங்கை வெளியிலேயே நிறுத்திடும். இல்லை, பேட்டரியைக் கழட்டி வெச்சிருக்கலாம். எல்லாத்தையும் வசனத்துல சொல்லணுமா?

கடைசிரீல்:
எந்த ஷாட்ல டிக்கி திறக்குது? எந்த ஷாட்ல பேட்டரி மாட்டுறான்? படத்துல இல்லாததை நீங்க எழுதிச் சேர்த்துட்டு ஓட்டையே இல்லைங்கறீங்க.

அந்த வேன் எப்படி ஓடுதுன்னு பார்ப்போமா? மெக்கானிக்கிட்ட க்ரூஸ் சொல்ற யோசனை: சொலினாய்டை மாத்து. அவன் மாத்துறான், வேன் கிளம்புது. ஸ்டார்ட்டர் மேல உக்கார்ந்திருக்கிற சொலினாய்டுல என்ன இருக்கு? ரெண்டு செப்புச் சுருள், நடுவுல ஓர் இரும்புத் தண்டு, முனையில ஒரு தொடர்புத் தட்டு. சாவி திருப்பினா தண்டு இழுபடும், பற்சக்கரத்தை முன்னால தள்ளும், மோட்டாருக்குக் கரண்ட் போகும். அது கெட்டா 'டிக்'னு ஒரு சத்தம் வரும், இல்லைன்னா அதுவும் வராது, இஞ்சின் சுத்தாது. ஆனா ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கிற இஞ்சினை சொலினாய்டு நிறுத்தவே நிறுத்தாது, ஏன்னா ஸ்டார்ட் ஆனதும் அதோட வேலை முடிஞ்சுபோச்சு. ஓடுற கார் எல்லாம் நிக்கணும்னா போக வேண்டியது கம்ப்யூட்டர் பெட்டி, இல்லை கிராங்க் சென்சார், இல்லை பெட்ரோல் பம்ப் ரிலே. துடிப்புல சாகிறது சிப்புக்குள்ள இருக்கிற குறைகடத்தி. தடிச்ச செப்புச் சுருளுக்கு ஒண்ணும் ஆகாது. கெடாததை மாத்தி, கெட்டதை விட்டுட்டு வண்டி ஓட்டுறாங்க.

செம்பாசி:
எந்த சொலினாய்டுன்னு படத்துல சொல்லலையே! எரிபொருளை அடைக்கிற சொலினாய்டும் இருக்கு. அது போனா ஓடுற இஞ்சினும் நிக்கும்.

கடைசிரீல்:
டீசல் இஞ்சின்ல நிக்கும், இல்லைன்னா பழைய கார்புரேட்டர் வண்டியில. அமெரிக்கக் குடும்ப வேன், பெட்ரோல், இன்ஜெக்‌ஷன். வாயில வந்த பாகத்தை எல்லாம் மாட்ட முடியாது தம்பி.

செம்பாசி:
தம்பி கிம்பின்னு கூப்பிடுற வேலை வேண்டாம். போன மாசம் வேத்துக்கிரகப் படம் எல்லாத்தையும் குப்பைன்னு எழுதினப்பவே உங்களைப் புரிஞ்சுபோச்சு.

ஒலிப்பெட்டி:
ரெண்டு பேரும் ஒண்ணு சொல்லுங்க. லாஜிக் ஓட்டைன்னா எது? நிஜ உலகத்தோட ஒத்துப்போகாததா, படம் தானே போட்ட விதியை மீறுறதா? அதை முடிவு பண்ணாம எவ்வளவு பேசினாலும் நகராது.

கடைசிரீல்:
ஹேண்டிகேமுக்குப் பதில் வரட்டும், அப்புறம் இலக்கணம் பேசுவோம்.

தண்டர்சைல்ட்:
இடையில் ஒரு திருத்தம். 'துடிப்பு' என்பது தொடர்ந்து அடிக்கும் நாடிக்கும் இதயத்துக்கும் உரிய சொல். ஒரே முறை எழுந்து அடங்குவதற்கு 'மின்காந்த அதிர்வு' என்று எழுதலாம்.

செம்பாசி:
அதிர்வுன்னா வைப்ரேஷன். நொடியில ரொம்பச் சின்ன பங்குல ஏறி இறங்குற ஒத்தை வீச்சுக்குத் துடிப்புதான் சரி. எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க.

தண்டர்சைல்ட்:
எல்லோரும் எழுதுவதால் சரியாகிவிடாது.

பழையபிரிண்ட்:
க்ரூஸோட மகன் ராபி கடைசியில உயிரோட வந்து நிக்கிறதை யாருமே பேசலையே. தீப்பிழம்புக்குள்ள ராணுவத்தோட ஓடினவன், பாஸ்டன்ல பாட்டி வீட்டுக்கு அப்பனுக்கு முன்னாடி வந்து சேர்ந்துட்டான். சட்டைகூட கசங்கலை. அந்த வீட்டுல தாத்தா பாட்டியா நிக்கிறது 1953 படத்து ஜோடி ஜீன் பேரியும் ஆன் ராபின்சனும்ங்கறதால மட்டும் மன்னிக்கிறேன்.

தண்டர்சைல்ட்:
செத்துவிட்டதாக நம்பிய மனைவியைக் கதைசொல்லி வீடு திரும்பிச் சந்திப்பதோடுதான் நாவல் முடிகிறது. ராபி திரும்புவது அங்கிருந்து வந்தது. முழுப்படத்திலும் வெல்ஸைத் தொடும் இடங்களில் அது ஒன்று. மற்றொன்று க்ரூஸ் ஒளிந்துகொள்ளும் அந்த நிலவறை. ஆனால் அங்கே அடைக்கலம் தருபவராக நடித்த டிம் ராபின்ஸுக்கு வைத்த பெயர் ஓகில்வி. நாவலில் ஓகில்வி வானியலாளர், முதல் வெப்பக்கதிரிலேயே மாண்டவர். நாவலில் வரும் பீரங்கிப் படைவீரனையும் பாதிரியாரையும் பிசைந்து ஒரே ஆளாக்கி, செத்தவர் பெயரை ஒட்டியிருக்கிறார்கள்.

செம்பாசி:
கடைசிரீலுக்கு ஒண்ணு. கார் நின்னதையும் பிழைன்னு கணக்குல சேர்த்துடாதீங்க. துடிப்புல கார் நிக்கும்னு உலகத்துக்கே தெரியும்.

கடைசிரீல்:
உலகத்துக்குத் தெரிஞ்சதைச் சோதிச்சும் பார்த்திருக்காங்க. அமெரிக்க இ.எம்.பி. (மின்காந்தத் துடிப்பு) ஆணையம் 2008 அறிக்கையில போட்டிருக்கு: 1986லேர்ந்து 2002 வரைக்கும் வந்த மாடல்கள்ல 37 கார். அணைச்சு நிறுத்தியிருந்த கார்ல பாதிப்பே இல்லை. ஓடிக்கிட்டிருந்ததுல மூணு மட்டும் மீட்டருக்கு ஏறக்குறைய 30 கிலோவோல்ட்டும் அதுக்கு மேலயும் போனப்ப நின்னுச்சு. நிஜத்துல அப்படி ஆனா டிரைவர் திரும்ப ஸ்டார்ட் பண்ணிக்கணும்னு அவங்களே எழுதியிருக்காங்க. உங்க அறிவியலை வெச்சுப் பார்த்தா ஊர்ல முக்கால்வாசி கார் ஓடணும்.

செம்பாசி:
அது அணுகுண்டு துடிப்புக்கான சோதனை. படத்துல மின்னல் பக்கத்துத் தெருவுல 26 தடவை விழுது. அந்தத் துடிப்போட வலு எவ்வளவுன்னு உங்க அறிக்கையில இருக்கா? அவ்வளவு பக்கத்துல எது சாகும் எது பிழைக்கும்னு எவனாலயும் சொல்ல முடியாது. அதனால ஓட்டைன்னும் சொல்ல முடியாது.

கடைசிரீல்:
இதுவரைக்கும் கம்பி நீளம், அப்புறம் காந்தம், அப்புறம் டிக்கி, இப்ப 'எவனாலயும் சொல்ல முடியாது'. நாலு பதில் வந்தாச்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டலை. கம்பி நீளம்னா வாட்ச் ஓடணும். பக்கத்துல விழுந்த மின்னல்னா ஹேண்டிகேம் சாகணும். ரெண்டுல ஒண்ணைப் பிடிங்க.

பழையபிரிண்ட்:
வாட்ச் காந்தத்தால நின்னதுன்னு நான் முன்னாடியே சொன்னேன். ஒருத்தராவது கண்டுக்கிட்டீங்களா?

செம்பாசி:
பிடிச்சாச்சு. கேமரா டிக்கியில இருந்துச்சு.

கடைசிரீல்:
எந்த ஷாட்ல?