மிர்பேஸ் பட்டியலைக் களையெடுக்க வேண்டுமா?

வளைவூசி:
பிற மரபணுக்களின் செயலை அடக்கும் சிறு ஆர்என்ஏவான மைக்ரோஆர்என்ஏவுக்கு மனிதனில் மரபணுக்கள் எத்தனை என்று மாணவி ஒருவர் கேட்டார். அவற்றுக்கு எண் தந்து பதியும் பொதுப் பட்டியலான மிர்பேஸின் 22ஆம் பதிப்பு 1,917 என்கிறது. மிர்ஜீன்டிபி என்ற இன்னொரு பட்டியலைத் தொகுத்தவர்களோ 2015இல் மிர்பேஸில் அன்றிருந்த 1,881 பதிவுகளையும் சலித்து, 523 மரபணுக்களுக்கே உறுதியான சான்று உண்டு என்றார்கள். மூன்றில் இரண்டு பங்கு பதர்! தேறாதவற்றின் பெயரைப் பறித்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

பதிவேடு:
பதர் என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள். சான்று போதாது என்பதும் பொய் என்பதும் ஒன்றா? மிர்பேஸ் 2002இல் 218 பதிவுகளோடு தொடங்கியபோதே அது பதிவகம், நீதிமன்றம் அல்ல. கட்டுரையை இதழ் ஏற்றுக்கொண்ட பிறகுதான் எண் தருவார்கள். கோபப்படுவதென்றால் ஏற்றுக்கொண்ட மதிப்பாய்வாளர்கள் மீது கோபப்படுங்கள்.

வளைவூசி:
விதிகள் இல்லாமலா போயின? 2003இல் ஆம்ப்ரோஸ், பார்ட்டெல், டுஷல் முதலான ஆய்வாளர்கள் சேர்ந்து வகுத்தார்கள். சுமார் 22 எழுத்து (நியூக்ளியோடைடு) நீள ஆர்என்ஏ செல்லில் தென்பட வேண்டும். அது கொண்டை ஊசிபோல் மடிந்த முன்னோடியிலிருந்து வர வேண்டும். அந்த மடிப்பு பிற உயிரினங்களிலும் காணப்படுவதோ, முன்னோடியை வெட்டும் டைசர் நொதியைக் குறைத்தால் முன்னோடி தேங்குவதோ கூடுதல் பலம். பிறகு ஏராளமான ஆர்என்ஏக்களின் எழுத்துகளை ஒரே நேரத்தில் படிக்கும் பெருந்திரள் வரிசைப்படுத்தல் வந்தது. சிதைந்து கிடந்த துண்டுக்கெல்லாம் பக்கத்தில் ஒரு மடிப்பைக் காட்டி எண் வாங்கிவிட்டார்கள். மிர்-720இன் பின்னால் எட்டு மாதம் அலைந்தவன் நான். கடைசியில் அது, புரதம் கட்ட உதவும் டிஆர்என்ஏவின் உடைந்த துண்டு.

பதிவேடு:
அனுதாபங்கள். ஆனால் மிர்-720 பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதே! உங்கள் சல்லடைக்கும் ஓட்டை உண்டு. சிவப்பணு உருவாக்கத்தில் வேலை செய்யும் மிர்-451க்கு டைசர் தேவையே இல்லை. ஆகோ2 புரதமே அதன் முன்னோடியை வெட்டுகிறது என்று 2010இல் தெரிந்தது. மரபணுவின் இடைத்துண்டுகளிலிருந்து (இன்ட்ரான்) வரும் மிர்ட்ரான்கள், வழக்கமாக முதல் வெட்டைப் போடும் டிரோஷா நொதியைத் தொடாமலே உருவாகின்றன. டைசரை மட்டும் நம்பியிருந்தால் 451ஐ வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

நெற்கதிர்:
செடிக்காரன் குறுக்கிடுகிறேன். விலங்குகளுக்குத் தைத்த சட்டை எங்களுக்குப் பொருந்தாது. தாவர முன்னோடிகளின் நீளம் ஒரு வரம்புக்குள் நிற்பதில்லை. போதாததற்கு எஸ்ஐஆர்என்ஏ என்ற வேறு வகைச் சிறு ஆர்என்ஏக்கள், 24 எழுத்து நீளத்தில், ஈசல்போல் மொய்க்கின்றன; அவற்றில் பல மைக்ரோஆர்என்ஏ வேடம் போட்டுப் பட்டியலில் ஏறிவிட்டன. அதனால்தான் 2018இல் தாவர ஆய்வாளர்கள் ஆக்ஸ்டெலும் மேயர்ஸும் விதிகளை இறுக்கினார்கள். புதிய பதிவென்றால் ஒரேயொரு ஆய்வு மாதிரியில் பார்த்தது போதாது, இன்னொன்றிலும் தென்பட வேண்டும். நான் வளைவூசி ஐயா பக்கம்.

வளைவூசி:
நன்றி. பெயரிடலிலும் இதே குளறுபடிதான். 1993இல் புழுவில் முதன்முதல் கண்ட லின்-4இன் மனித உறவு மிர்-125. பெயரைப் பார்த்து யாராவது சொல்ல முடியுமா? பழ ஈயின் மிர்-8, மனிதனில் 200, 141, 429 என்று ஆளுக்கொரு பெயரில் வாழ்கிறது. கண்டுபிடித்த வரிசையில் டோக்கன் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். குடும்பப் பெயரே முதலில் வர வேண்டும்.

பதிவேடு:
மாற்றுங்கள். அதன் பிறகு 20 ஆண்டுக் கட்டுரைகளை யார் படித்துப் பொருத்துவது? மடிப்பின் இரு இழைகளில் குறைவாகத் தென்படுவதற்கு இட்ட நட்சத்திரக் குறியை எடுத்துவிட்டு, இழை மடிப்பின் எந்தப் பக்கத்தது என்று காட்டும் 5பி, 3பி என்று மாற்றியதற்கே எங்கள் ஆய்வகத்தில் ஒரே குழப்பம்; பழைய குப்பிகளில் எந்த இழை இருக்கிறது என்று இன்றும் தேடுகிறோம். முதிர்ந்த வடிவத்துக்குப் பெரிய ஆர் (miR), முன்னோடி மடிப்புக்குச் சிறிய ஆர் (mir) என்ற நுணுக்கம் வேறு. தமிழில் எழுதும்போது அதுவும் காணாமல் போகிறது, கவனித்தீர்களா? எண் வெறும் கதவிலக்கம். உறவைச் சொல்ல வேண்டியது பட்டியலின் வேலை.

நெற்கதிர்:
கதவிலக்கம் இருக்கட்டும். கட்டுரையில் எண்ணோடு அந்த ஆர்என்ஏவின் முழு எழுத்து வரிசையையும் அச்சிடச் சொன்னால் இருவருக்கும் சம்மதமா?

பதிவேடு:
எனக்குச் சம்மதம்.

வளைவூசி:
எனக்கும்தான். ஆனால் நீக்கும் கோரிக்கையை நான் விடவில்லை. மிர்-720ஐக் கண்டறிய வாங்கிய பிரைமர் (சிறு டிஎன்ஏ இழை) பாதிக்குமேல் மீதியிருக்கிறது, பதிவேடு அவர்களே. முகவரி கொடுத்தால் அனுப்பிவைக்கிறேன்.