பிரிங்க்ஸ் கொள்ளை: ஓகீஃப் திருந்தியவனா, துரோகியா?

கருப்புமை:
1950 ஜனவரி 17 இரவு, அமெரிக்காவின் பாஸ்டனில், பணத்தைப் பாதுகாத்துக் கொண்டுசேர்க்கும் பிரிங்க்ஸ் நிறுவனத்துக்குள் முகமூடியோடு புகுந்து 12 லட்சம் டாலர் ரொக்கத்தை அள்ளிய கும்பலில் ஒருவன் ஜோசப் ஓகீஃப். ஆறு ஆண்டுகள் கடந்துவிட்டால் மாசசூசெட்ஸ் சட்டம் அவர்களைத் தொட முடியாது. கெடு முடியப் பதினொரு நாள் இருக்கையில், 1956 ஜனவரி 6 அன்று, எஃப்.பி.ஐ.யிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கூட்டாளிகள் எட்டுப் பேருக்கு ஆயுள் தண்டனை. இவனைப் போய்த் திருந்தியவன் என்கிறார்கள்!

மாலதி:
பாதிக் கதையைச் சொல்லித் தீர்ப்பு எழுதுகிறீர்கள். தன் பங்கில் பெரும்பகுதியை நம்பிக் கூட்டாளி மாஃபியிடம் கொடுத்துவைத்தான். அது திரும்பி வரவே இல்லை. இடையில் வேறொரு வழக்கில் சிறை போய், வெளியே வந்து பங்கைக் கேட்டவனுக்கு என்ன கிடைத்தது? எல்மர் பர்க் என்ற கூலிக் கொலைகாரன். 1954 ஜூனில் அவன் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டதில் மணிக்கட்டிலும் மார்பிலும் காயம். அதற்குப் பிறகும் ஒன்றரை ஆண்டு ஓகீஃப் வாய் திறக்கவில்லை. யார் ஐயா துரோகி?

கருப்புமை:
பங்கை என்ன பணிவாகவா கேட்டான்? கும்பல் தலைவன் பீனோவின் மைத்துனன் காஸ்டாவைக் கடத்தி வைத்துக்கொண்டு கேட்டான். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

தெக்கத்தியான்:
பீனோவும் மாஃபியும் எக்கேடு கெட்டால் எனக்கென்ன. ஸ்டான்லி கஸ்யோராவைப் பற்றி இருவரும் பேசவே இல்லையே. கொள்ளைக்கு முன்பே இந்தக் கும்பல் இரவில் கட்டடத்துக்குள் நுழைந்து, ஐந்து கதவுகளின் பூட்டு உருளைகளைக் கழற்றி, சாவி செய்துகொண்டு, பழையபடி மாட்டிவைத்துவிட்டது. கொள்ளை இரவில் ஓகீஃபோடு உள்ளே போனவர்களில் கஸ்யோராவும் ஒருவன். அதே ஆண்டு பென்சில்வேனியாவில் வேறொரு திருட்டில் இருவரும் சேர்ந்தே பிடிபட்டார்கள். ஓகீஃபுக்கு மூன்று ஆண்டு. கஸ்யோராவுக்கு ஐந்திலிருந்து இருபது. அந்த மனிதன் பங்கை விழுங்கவில்லை, கொல்ல ஆள் அனுப்பவில்லை, எஃப்.பி.ஐ. கேட்டபோதும் வாய் திறக்கவில்லை. வாக்குமூலத்தில் அவன் பெயரும் இருக்கிறது.

மாலதி:
ஒருவனை மட்டும் மறைத்துச் சாட்சி சொன்னால் குறுக்கு விசாரணையில் நிற்குமா?

தெக்கத்தியான்:
நிற்காதுதான். நீதிமன்றக் கணக்கு அது, நான் கேட்பது நட்புக் கணக்கு. பீனோ மீதான ஆத்திரம் கஸ்யோராவின் தலையிலும் விடிந்தது. விசாரணை தொடங்கும் முன்பே, 1956 ஜூலையில், மூளைக்கட்டியால் அவன் இறந்துபோனான்.

கருப்புமை:
திருந்தியவர் 1960இல் விடுதலையாகிவிட்டார். மீட்ட பணமோ 60,000 டாலருக்கும் குறைவு. மனம் திருந்தியதற்கு அடையாளமாக மிச்சம் எங்கே என்று காட்டியிருக்கலாமே?

மாலதி:
மாஃபியிடம் போனதை அவன் எப்படிக் காட்டுவான்? அந்தக் கேள்வியை ஆயுள் கைதிகள் எட்டுப் பேரிடம் கேளுங்கள்.