பேழை காலியாக இருக்கும் தோட்டத்துக் கோயிலில் முழந்தாளிடலாமா?

லிந்துலை மருமகள்:
நான் ஹட்டனில் வளர்ந்து, கல்யாணம் முடித்து இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவள். இங்குள்ள சின்னக் கோயிலில் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பூசை. முடிந்ததும் மிஞ்சிய நற்கருணையை, அதாவது பூசையில் அர்ச்சித்த அப்பத்தை, பாதர் உட்கொண்டுவிடுவார், இல்லாவிட்டால் பங்குக் கோயிலுக்கு எடுத்துப் போவார். மற்ற நாட்களில் நற்கருணை வைக்கும் பேழையின் கதவு திறந்தே கிடக்கும், சிவப்பு விளக்கும் எரியாது. ஆனாலும் என் மாமியார் தினமும் உள்ளே போய் முழந்தாளிட்டுவிட்டுத்தான் கொழுந்தெடுக்க மலைக்குப் போவார். மகள் இந்த வருசம் புதுநன்மை வாங்க, அதாவது முதல்முறையாக நற்கருணை உட்கொள்ளப் போகிறாள். "அங்க இயேசு இருக்காரா, இல்லையா?" என்று கேட்டாள். எல்லா இடத்திலும் இருக்கிறார் என்றேன். "அப்படின்னா நன்மை எதுக்கு?" என்கிறாள். என்ன சொல்வது?

நானுஓயா வாசி:
பேழை காலி என்றால் பீடத்துக்குத் தலைவணங்கினால் போதும். முழந்தாளிடுவது நற்கருணைக்கு மட்டும். பிள்ளைக்கு இப்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பழைய உபதேசியார்:
தங்கச்சி, மகள் கேட்டது நல்ல கேள்வி, மழுப்பிவிடாதீர்கள். கடவுளாக அவர் எங்கும் நிறைந்திருக்கிறார், சரி. நற்கருணையில் நாம் விசுவசிப்பது அதற்கும் மேலே. மரியாளிடம் பிறந்து, சிலுவையில் மரித்து உயிர்த்த அதே இயேசு உடலும் இரத்தமும் ஆன்மாவும் இறைத்தன்மையுமாக அங்கே முழுதாக இருக்கிறார். 1551ல் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் இதை உறுதியாக அறிவித்தது. அப்பத்தின் நிறம், ருசி, பாரம் எதுவும் மாறாது. சோதித்துப் பார்த்தாலும் கோதுமை என்றுதான் வரும். அது உள்ளபடி என்னவோ, அதுதான் மாறுகிறது.

அப்பத்தைப் பிட்டால் இயேசு துண்டாவதில்லை, சின்னத் துணுக்கிலும் முழுதாக இருக்கிறார். அதனால்தான் நன்மை கொடுத்து முடிந்ததும் பாதர் தட்டில் ஒட்டிய துகளை விரலால் ஒற்றிக் கிண்ணத்தில் தட்டி, தண்ணீர் விட்டு அலசிக் குடிக்கிறார். மகளை முன்வரிசையில் உட்காரவைத்து அதைப் பார்க்கச் சொல்லுங்கள். மறைக்கல்வி வகுப்பில் நான் எவ்வளவோ விளக்கியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு விளங்கியது அந்த விரலைப் பார்த்த பிறகுதான்.

இந்தப் பிரசன்னம் அப்பத்தின் தோற்றம் இருக்கும்வரை நீடிக்கும். ஆகவே காலிப் பேழை மெய்யாகவே காலிதான். அதற்காகக் கோயில் வெறும் கட்டிடம் ஆகிவிடாது. வேதம் வாசிக்கும்போதும், அவர் பெயரால் நாம் கூடும்போதும் கிறிஸ்து நம்மோடு இருக்கிறார் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ல் சொன்னது. நற்கருணைப் பிரசன்னத்தை 'மெய்யான' பிரசன்னம் என்பதால் மற்றவை மெய்யில்லை என்று ஆகாது, இது எல்லாவற்றிலும் தலையாயது என்று 1965ல் திருத்தந்தை ஆறாம் பவுல் எழுதினார்.

மாமியாரைத் தடுக்க வேண்டாம். சிலுவைக்கு முன் முழந்தாளிட்டுச் செபிப்பதில் என்ன குறை? பெரிய வெள்ளியன்று பேராலயத்திலும் பேழை காலிதானே. அன்று எல்லோரும் சிலுவைக்குத்தான் முழந்தாளிடுகிறோம்.

கண்டி வாசகர்:
மகளுக்குப் புனித யோசவ்வாஸ் அடிகளாரின் கதையையும் சொல்லுங்கள். 1658ல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கத்தோலிக்கர் பல வருசம் குருவானவரே இல்லாமல் இருந்தார்கள். 1687ல் அவர் கோவாவிலிருந்து ஏழைக் கூலியாள் கோலத்தில் வந்து, இரவோடு இரவாக மறைவில் பூசை வைத்தார். 1711ல் கண்டியிலேயே இறந்தார், 2015ல் கொழும்பில் புனிதராக்கப்பட்டார். பிடிபட்டால் தண்டனை என்று தெரிந்தும் சனம் இருட்டில் நடந்து போனது அந்த ஒரு அப்பத்துக்காகத்தான்.

லிந்துலை மருமகள்:
ஐயா, வாசிக்கும்போது மனசு நிறைந்துபோனது. இன்னொன்று கேட்கிறேன். நற்கருணையை எங்கள் கோயிலிலேயே வைக்க முடியாதா? தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எழும்ப முடியாத வயசானவர்கள் இருக்கிறார்கள்.

பழைய உபதேசியார்:
கேட்கலாம், ஆனால் திருச்சபைச் சட்டம் இதில் கண்டிப்பானது. பொறுப்பாக ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும், இயன்றவரை மாதம் இரண்டு பூசையாவது நடக்க வேண்டும். பேழை பூட்டியிருக்க வேண்டும், விளக்கு அணையக் கூடாது, அப்பங்களை அடிக்கடி மாற்ற வேண்டும். நம்ம பக்கத்து ஈரம் உங்களுக்குத் தெரியும், மழை மாதங்களில் புது அப்பமே நமத்து வளையும். பூஞ்சணம் பிடித்து அப்பம் அப்பமாக இல்லாமல் போனால் அந்தப் பிரசன்னமும் அங்கே இராது. ஆண்டவரைக் கவனிக்க ஆளில்லாமல் விடக் கூடாது என்பதற்குத்தான் இவ்வளவு கட்டுப்பாடு.

படுக்கையில் இருப்பவர்களின் பெயரையும் லய இலக்கத்தையும் எழுதிப் பாதரிடம் கொடுங்கள். அவரோ நற்கருணைப் பணியாளரோ வீட்டுக்கே கொண்டுவருவார்கள். ஒரு சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சிலுவையும் மெழுகுதிரியும் வையுங்கள். நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் நன்மைக்கு முன் ஒரு மணிநேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டியதில்லை. கஞ்சி குடித்த கையோடு வாங்கலாம்.