குணசேகரனைத் திட்டிய வீட்டில் மாரிமுத்துவுக்காக அழுதார்கள்

‘எதிர்நீச்சல்’ சீரியல் பேச்சு வந்தாலே எல்லோரும், அதில் மாரிமுத்து நடித்த மூத்த அண்ணன் குணசேகரன் வீட்டுப் பெண்களை அதட்டுகிற ‘ஏய் இந்தாம்மா’வில்தான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அந்த சீரியல் வேறு மாதிரி மனதில் நிற்கிறது. எங்கள் வீட்டுப் பெண்கள் தங்கள் மனதில் இருந்ததை ஆம்பளைகள் காதுபடப் பேசியது அந்த ராத்திரி 9.30 மணிக்குத்தான்.

நாங்கள் திண்டுக்கல் பக்கம். கூட்டுக் குடும்பம். 2022 பிப்ரவரியில் சன் டிவியில் தொடங்கியபோது, ‘கோலங்கள்’ எடுத்த திருச்செல்வம் எடுக்கிறார் என்பதற்காகத்தான் அத்தை டிவி முன்னால் உட்கார்ந்தார். அதில் வந்த அபி என்றால் அவருக்கு அவ்வளவு இஷ்டம். நானும் என் ஓரகத்தியும் அடுப்படி வேலைக்கு நடுவே வந்து நின்று பார்ப்போம். கொஞ்ச நாளில் அந்த நேரத்துக்கு முன்பே சமையலை முடித்துவிட்டு மூன்று பேரும் தரையில் உட்கார ஆரம்பித்துவிட்டோம்.

காரணம் இதுதான். படித்த பெண்ணாகத் தேடிப் பிடித்துக் கட்டிவைப்பது, தாலி ஏறியதும் அடுப்படியில் நிறுத்துவது. ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்று நாலு மருமகள்களுக்கும் அதுதான் கதை. என் ஓரகத்தி பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அவளுடைய டிகிரி சர்டிபிகேட் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது. நாலு பேரும் அடுப்படியில் நின்று மனசு விட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள், ஹாலில் குணசேகரன் குரல் கேட்டதும் சட்டென்று அடங்கிப் போவார்கள். அதைப் பார்க்கும்போது இவள் ஒன்றும் சொல்லமாட்டாள். கையில் இருக்கிற வேலை மட்டும் நின்றுவிடும். அந்த அடுப்படிக் காட்சிகளை எழுதியவர்கள் நம் வீடுகளை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் வெளியே என்ன நடந்தது? குணசேகரன் மீம்ஸ் ஆனார். ஊர் முழுக்க ஆம்பளைகள் ‘இந்தாம்மா’ சொல்லிச் சிரித்தார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னார்கள், ஆபீஸில் சொன்னார்கள். என் கொழுந்தனுக்கும் அது தொற்றிக்கொண்டது. ஒரு நாள் இவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது அவர் ஹாலிலிருந்து அதே ராகத்தில், “ஏய் இந்தாம்மா, தண்ணி கொண்டா” என்றார். இவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்துவிட்டு, “அவர் சொன்னா நடிப்பு. நீங்க சொன்னா அது குணம்” என்று சொல்லிவிட்டு வந்து மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். அத்தை அங்கேதான் இருந்தார். மகனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்த வசனத்தைச் சொன்னதில்லை.

அத்தைக்குக் குணசேகரனைக் கண்டாலே ஆகாது. “நாசமாப் போறவன், இவன் வெளங்குவானா” என்று டிவியைப் பார்த்து வைவார். சீரியலில் அப்பத்தாவின் 40 சதவீதச் சொத்துப் பங்குக்காகக் குணசேகரன் நடிக்கிற நடிப்பைப் பார்த்தால் எழுந்தே போய்விடுவார். பாம்பே ஞானம் அந்த அப்பத்தாவாக வாழ்ந்தே காட்டினார். பேத்தி வயதுப் பெண்களோடு ஒரு கிழவி சேர்ந்து நிற்பதை டிவியில் அத்தை முதன்முதலாகப் பார்த்தது அதில்தான் என்று நினைக்கிறேன்.

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை. எதிர்நீச்சலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு, மாரிமுத்து போய்விட்டார் என்று செய்தி வந்தது. அவர் நடித்த ‘ஜெயிலர்’ வெளிவந்து ஒரு மாதம்கூட முடியவில்லை. அத்தை நம்பவே இல்லை. “யாரு, நம்ம குணசேகரனா? பொய் சொல்றாங்கப்பா” என்றார். நியூஸ் சேனலைப் போட்டுக் காட்டியதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ‘நம்ம குணசேகரன்’ என்று அவர் சொன்னது அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து மாமாவிடம், “தினமும் வாய்க்கு வந்தபடி வஞ்சேனே, அது அந்த மனுசனுக்குப் பட்டிருக்குமோ” என்று கேட்டார். உண்மையாகவே பயந்துபோய்த்தான் கேட்டார். மாமா, “நீ வஞ்சது குணசேகரனை. அதுக்காகத்தானே அவரு உசுரக் கொடுத்து நடிச்சாரு” என்று சமாதானம் சொன்னார்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஜீ தமிழின் ‘தமிழா தமிழா’ நிகழ்ச்சியில் மாரிமுத்து ஜோசியத்தை எதிர்த்துப் பேசியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு, அப்படிப் பேசியதால்தான் இப்படி ஆயிற்று என்று சிலர் எழுதினார்கள். நெஞ்சு வலியைப் பற்றிக் குணசேகரன் பேசுகிற காட்சியையும் அதோடு சேர்த்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். எங்கள் குடும்ப குரூப்பிலும் வந்தது. மாமா ஜாதகம் பார்க்காமல் ஒரு காரியமும் தொடங்கமாட்டார். அவரே குரூப்பில், “சாவு வீட்டுல ஜெயிச்சோம் தோத்தோம்னு பேசுறவனுக்கு ஜோசியமும் தெரியாது, சாமியும் தெரியாது” என்று வாய்ஸ் மெசேஜ் போட்டார். ஒரு மனிதன் தன் கருத்தைத் தைரியமாகச் சபையில் சொன்னான். அதற்கு அவன் சாவையா பதிலாகக் காட்டுவது? அவர் பிள்ளைகளும் அதையெல்லாம் படித்திருப்பார்கள்தானே?

அவருக்குச் சொந்த ஊர் தேனி மாவட்டம் வருசநாடு பக்கம் பசுமலைத்தேரி. அங்கேதான் உடலைக் கொண்டுபோனார்கள். என் சித்தி கடமலைக்குண்டில் இருக்கிறாள். அன்றைக்குத் தோட்ட வேலைக்குப் போகவேண்டிய பெண்கள் பாதிப் பேர் போகவில்லை, ரோட்டோரம் நின்றார்கள் என்று போனில் சொன்னாள். “நம்ம பக்கத்துப் பேச்ச அப்படியே பேசின ஆளு” என்று அவளுக்குத் தொண்டை அடைத்தது. நடிகர்கள் எத்தனையோ பேர் மதுரைத் தமிழ் பேசுகிறேன் என்று இழுத்து இழுத்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். மாரிமுத்து அப்படி இழுத்தவர் இல்லை.

அவர் ஒரே நாளில் வந்தவரும் இல்லை. ராஜ்கிரணிடம் உதவி இயக்குநராகத் தொடங்கி, மணிரத்னம், வசந்த், எஸ்.ஜே. சூர்யா என்று பலரிடம் வேலை செய்தவர். 2008-இல் ‘கண்ணும் கண்ணும்’, 2014-இல் ‘புலிவால்’ என்று இரண்டு படங்கள் இயக்கினார். ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் நாயகி ஜோவின் அப்பா அவர்தான். அந்தப் படத்தைக் குணசேகரனுக்குப் பிறகு நான் மறுபடி பார்த்தேன். மகளையும் விடமுடியாமல் சாதியையும் விடமுடியாமல் அந்த அப்பா தலையைக் குனிகிறாரே, அந்த மனிதரா இது என்று இருந்தது. குணசேகரனிடமும் வெறும் முரட்டுத்தனம் கிடையாது. கொஞ்சுவார், அழுவார், தம்பிகளை மடக்கத் தன்னைத்தானே நொந்துகொள்வார். பெண்களை அடக்கி வைக்கிற ஆண் வீட்டில் எந்நேரமும் கத்திக்கொண்டா இருக்கிறான்? பாசத்தைக் காட்டித்தான் பாதி வேலையை முடிக்கிறான். அது மாரிமுத்துவுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு குணசேகரனாக எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவருடைய கோபம் வேறு ரகம், கண்ணிலேயே நெருப்பு. ஆனால் அந்தக் குழைவு இல்லாததால் தம்பிகள் ஏன் அண்ணன் பேச்சைக் கேட்கிறார்கள் என்பதே எனக்குப் பிடிபடாமல் போனது. கதையும் இழுத்தது. 2024 ஜூனில் முடித்தார்கள்.

அதே கோடையில் கொழுந்தன் மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கவேண்டும் என்றாள். கொழுந்தன், “பக்கத்துல இல்லாத காலேஜா” என்று ஆரம்பித்தார். அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே, “ஏன்டா, இந்த வீட்டுல எவனும் குணசேகரன் இல்லேல்ல?” என்று கேட்டார். என் ஓரகத்தி அத்தையை நிமிர்ந்து பார்த்தாள். கொழுந்தன் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் அவரே போய்ப் பீஸ் கட்டிவிட்டு வந்தார். ஒரு சீரியல் வந்து குடும்பத்தைத் திருத்திவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க அத்தைக்கு ஒரு பெயர் கிடைத்தது. அதுவே எங்களுக்குப் பெரிய விஷயம்.

2024 டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ வந்தது. முன்பு ஜனனியாக நடித்த மதுமிதா இல்லை, அந்த இடத்தில் பார்வதி வந்தார். அத்தை விடாமல் பார்க்கிறார். என்னால் முன்பு மாதிரி ஒட்டிப் பார்க்க முடியவில்லை. நந்தினி வருகிற காட்சி என்றால் மட்டும் போய் உட்காருவேன். நந்தினியாக நடிக்கிற ஹரிப்பிரியாவின் வாய்த் துடுக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.