வீரோ செல்கள் மந்தம்: மைக்கோபிளாஸ்மாவா?

சுங்கை சிப்புட் பையன்:
தோட்டத்து ஓரம் எங்கள் சின்ன ஆய்வகம். மூன்று வாரமாக வீரோ செல்கள் (குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த ஆய்வகச் செல்கள்) வளர்வது ஆமை வேகம். செல்கள் வளரும் ஊடகத் திரவம் கலங்கவே இல்லை. பெனிசிலினும் போடுகிறேன், அப்புறம் மைக்கோபிளாஸ்மா என்ற குட்டி பாக்டீரியா எப்படி வரும்?

செல்வி அக்கா:
தம்பி, மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது, செல்சுவரைத் தாக்கும் பெனிசிலின் என்ன செய்யும்? 0.2 மைக்ரான் வடிகட்டியிலும் நழுவிவிடும். மருந்தை நிறுத்திச் சில நாள் வளர்த்து, குடுவையில் செல்கள் நிறைந்ததும் மேல்திரவத்தைப் பிசிஆர் (கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) பாருங்கள்.

பழைய ஆள்:
டிஎன்ஏவில் ஒட்டி நீலமாய் ஒளிரும் ஹோக்ஸ்ட் சாயமும் போடலாம். உட்கரு மட்டும் ஒளிர்ந்தால் சரி. எனக்கு ஒருமுறை சுற்றிலும் புட்டுமாவு சிந்தினாற்போல் நீலப் புள்ளிகள்! கிருமியை அகார் கூழில் வளர்த்துப் பார்ப்பதென்றால் 28 நாள் காத்திருக்கணும்.

சுங்கை சிப்புட் பையன்:
ஐஸ் பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் ஈப்போ போய்ப் பிசிஆர் பார்த்தேன். மைக்கோபிளாஸ்மாவைக் காட்டும் பட்டை பளிச்சென்று வந்துவிட்டது. குடுவைகள் ஆட்டோகிளேவுக்கு (நீராவியில் கிருமி கொல்லும் கருவி) போயாச்சு. நைட்ரஜன் தொட்டியில் உறையவைத்த பழைய செல் குப்பி ஒன்று இருக்கிறது, நாளை அதையும் எழுப்பிச் சோதிக்கிறேன்.