வெள்ள நட்டஈட்டுப் படிவமும் காணி அனுமதிப்பத்திரமும்: கிராம அலுவலர் எதை எழுதுவது?

வினா — குளக்கட்டு

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் கிராம அலுவலராகப் பணியாற்றுகிறேன். பிரிவின் பெயரை எழுதவில்லை. எழுதினால் கீழே குறிப்பிடும் குடும்பங்கள் எவையென்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

1977 ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் மலையகத் தோட்டங்களிலிருந்து வந்து, காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எனது பிரிவின் ஒரு பகுதியில் வாழ்கிறார்கள். அவர்களுள் பலரிடம் காணி அனுமதிப்பத்திரம் (அரச காணியில் குடியிருக்க அரசு வழங்கும் பத்திரம்) இல்லை. வேறு சிலர், போர்க்காலத்தில் வெளிநாடு சென்றுவிட்ட ஒருவரின் பெயரில் அனுமதிப்பத்திரம் உள்ள காணியில், அவருடைய வாய்ச்சொல்லை நம்பி நீண்ட காலமாகக் குடியிருக்கிறார்கள். மாரி வெள்ளத்தில் இவர்களுடைய மண்சுவர்கள் கரைந்துவிட்டன; தறப்பாளின் கீழ் சமைக்கிறார்கள். உலர் உணவுப் பொதி வழங்குவதில் தடையேதும் இருக்கவில்லை. எமக்குத் தரப்பட்ட வீட்டுச் சேத நட்டஈட்டுப் படிவம்தான் காணியின் உரித்தைக் கேட்கிறது.

அதே பிரிவில் அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் ஒருவரின் வீடு பூட்டிக் கிடக்கிறது. குடும்பம் நகரத்தில் இருக்கிறது. விறாந்தையில் சற்று நீர் ஏறி வடிந்தது. படிவத்தின்படி அவரிடம் எல்லாம் சரியாக உள்ளது. அவருடைய பெயரைச் சேர்க்குமாறு செல்வாக்குள்ள ஓரிடத்திலிருந்து தொலைபேசி அழைப்பும் வந்தது.

மண்சுவர் கரைந்த குடும்பங்களுக்கு "அனுமதிப்பத்திரம் உண்டு" என்று நான் எழுதிவிட்டால், அதைச் சரிபார்க்க எவரும் வரப்போவதில்லை என்று ஊர்ப் பெரியவர்களும் ஓரிரு சக உத்தியோகத்தர்களும் சொல்கிறார்கள். ஒரு சதமும் எனக்கு வராது. பணம் சேர வேண்டியவருக்கே சேரும். அப்படியிருந்தும் அது தவறா? எழுத மறுத்தால், விதியின் பின்னால் ஒளிந்துகொண்டு என்னை நேர்மையானவன் என்று எண்ணிக்கொள்கிறேனா? இந்த இரண்டாவது கேள்விதான் என்னை அதிகம் வருத்துகிறது.

மறுமொழி — பனங்காமம்

தம்பி, நான் பிரதேச செயலகங்களில் பல ஆண்டுகள் நிருவாகப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் வினாவில் மூன்று வேறு விடயங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடப்பதால், அவற்றைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

தொலைபேசி அழைப்பை முதலில் ஒதுக்கிவிடுங்கள், அது கடினமான விடயமன்று. அழைப்பு வந்த திகதியையும் சொல்லப்பட்டதையும் உங்கள் நாட்குறிப்பில் எழுதுங்கள். கோரிக்கையை எழுத்தில் அனுப்புமாறு பணிவாகக் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் இத்தகைய கோரிக்கைகளில் பெரும்பாலானவை அப்படியே நின்றுவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

அடுத்ததாக, குடியிருப்பும் உரித்தும் வேறு வேறானவை. ஒரு குடும்பம் உங்கள் பிரிவில், இந்த வீட்டில், இத்தனை காலமாக வாழ்கிறது என்பது உங்கள் நேரடி அறிவுக்குள் வரும் உண்மை. அதை நீங்கள் தயக்கமின்றி உறுதிப்படுத்தலாம். காணி யாருடையது என்பதைத் தீர்மானிப்பது பிரதேச செயலாளரும் காணிக் கிளையும். நீங்கள் எழுத வேண்டியது "அனுமதிப்பத்திரம் உண்டு" என்பதுமன்று, "தகுதியற்றவர்" என்பதுமன்று. "இக்குடும்பம் இங்கு நிரந்தரமாக வாழ்கிறது, அனுமதிப்பத்திரம் இல்லை, சுவர்கள் இடிந்ததை நேரில் பார்வையிட்டேன், நட்டஈடு வழங்குமாறு பரிந்துரைக்கிறேன்" என்று முழு உண்மையையும் எழுதுங்கள். படிவத்தில் இடமில்லையென்றால் தனித்தாளில் எழுதி இணையுங்கள். பூட்டிய வீட்டுக்கும் இவ்வாறே: ஆட்கள் வசிக்கவில்லை, நீர் விறாந்தை வரை ஏறியது என்று கண்டதைக் கண்டபடி எழுதுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது, நல்ல நோக்கத்துக்காகப் பதிவேட்டைத் திருத்துவது. 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், போர் வலயத்துள் ஏறக்குறைய 70,000 பேரே இருப்பதாக அரசாங்கத் தரப்பு கூறிக்கொண்டிருந்தபோது, முல்லைத்தீவு மேலதிக அரசாங்க அதிபர் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருப்பதாக அறிக்கையிட்டார். அந்த எண்ணிக்கைக்காக அவர் மேலிடத்தால் எச்சரிக்கப்பட்டதை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு தனது 2011 ஆம் ஆண்டு அறிக்கையில் பதிவுசெய்துள்ளது. இறுதியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும் ஏறக்குறைய 280,000 பேர். இத்தகைய தொகைகள் கிராம மட்டத்துப் பட்டியல்களிலிருந்தே கூட்டப்படுகின்றன. வன்னி உத்தியோகத்தர்கள் இரக்கத்தின் பேரில் பட்டியலைக் கூட்டி எழுதுபவர்கள் என்ற பேச்சுக்கு நாமே ஆதாரம் கொடுத்தால், உணவும் மருந்தும் ஓர் எண்ணிக்கையில் தங்கியிருக்கும் இன்னொரு நாளில் நமது உண்மையான எண்ணிக்கையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

(கிராம அலுவலருக்கு முன்பிருந்த விதானையார் முறை 1963 இல் ஒழிந்துவிட்டது. ஆனாலும் நமது ஊர்களில் உங்களை இன்னும் "விதானையார்" என்றே அழைப்பார்கள். அந்த அழைப்பில் மரியாதையும் உண்டு, "நீர் நினைத்தால் முடியும்" என்ற வற்புறுத்தலும் உண்டு.)

மறுமொழி — தோட்டத்துப் பேத்தி

ஐயா பனங்காமம் அவர்களின் கருத்தை மதிக்கிறேன். ஆயினும் அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. வினாவில் சொல்லப்பட்டதைப் போன்ற ஒரு குடியிருப்பில்தான் நான் பிறந்தேன்.

முழு உண்மையையும் எழுதிப் பரிந்துரைத்தால் போதும் என்கிறீர்கள். எங்களைப் பற்றிய உண்மை பல தடவை எழுதப்பட்டிருக்கிறது. மீள்குடியேற்றத்தின் பின்னர் 550,000 ரூபாய் இந்திய வீட்டுத்திட்ட உதவி வந்தபோதும் காணி உரித்தே கேட்கப்பட்டது. எங்கள் தாய்மார் கூலி வேலையை விட்டுவிட்டு, நடமாடும் சேவை நடந்த இடங்களிலெல்லாம் வரிசையில் நின்று விண்ணப்பங்களைக் கொடுத்தார்கள். "அனுமதிப்பத்திரம் இல்லை" என்ற உண்மை ஒவ்வொரு படிவத்திலும் ஒழுங்காகப் பதியப்பட்டது, அதுவே ஒவ்வொரு முறையும் எங்களை நிராகரிப்பதற்கான காரணமாகவும் ஆனது. பதிவேட்டின் நம்பகத்தன்மைக்காக ஒரு விலை கொடுக்கத்தான் வேண்டுமென்றால், அந்த விலையை எப்போதும் ஒரே பகுதி மக்கள் கொடுப்பது ஏன் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

இப்படிச் சொல்வதால், குளக்கட்டு அவர்கள் பொய் எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பொய் எழுதினால் நாளைக்கு முதலில் பயப்பட வேண்டியவர்கள் நாங்கள்தான். பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி வரும் கடிதம் எங்கள் வாசலுக்கே வரும். நான் கேட்பது வேறொன்று. தான் எழுதிய பரிந்துரைக்கு என்ன நடந்தது என்று விசாரிப்பதும் உத்தியோகத்தரின் கடமையா, அல்லது ஒப்பமிட்டு அனுப்பியதோடு கடமை முடிந்துவிடுகிறதா?

மறுமொழி — முத்தையன்கட்டு

சட்டம் பயின்றவன் என்ற முறையில் சுருக்கமாகச் சில குறிப்புகள்.

"எனக்கு ஒரு சதமும் வராது" என்பது சட்டத்தின் முன் முழுமையான பதிலன்று. முந்தைய இலஞ்சச் சட்டத்தின் 70 ஆம் பிரிவிலேயே, அரசுக்கு முறையற்ற நட்டத்தை ஏற்படுத்தும் அல்லது தனக்கோ வேறெவருக்குமோ முறையற்ற நன்மையை வழங்கும் எண்ணத்தோடு அதிகாரத்தைப் பயன்படுத்துவது ஊழலாகக் கொள்ளப்பட்டது. அச்சட்டத்தின் இடத்துக்கு வந்த 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமும் அந்தக் கருத்தைத் தொடர்கிறது. இதைத் தவிர, பொதுப் பணத்துக்கு நட்டம் நேர்ந்தால் அதைப் பொறுப்பானவரிடம் அறவிடுவதற்கு 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் வழிசெய்கிறது. ஆலோசனை சொன்ன சக உத்தியோகத்தர்கள் அந்த நாளில் உங்களுக்கு அருகில் நிற்பார்களா என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

விதியே அநீதியானது என்று கருதும் உத்தியோகத்தர் என்ன செய்யலாம் என்பதற்கு நமக்குள்ளேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. எழுதுவினைஞர் சேவையில் இருந்த செல்லையா கோடீஸ்வரன், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்ததால் 1962 இல் அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் குறுக்கு வழியெதையும் தேடாமல் வெளிப்படையாக மறுத்து வழக்குத் தொடுத்தார். 1964 இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். 1967 இல், அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்காட முடியாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1969 இல், அப்போது இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இருந்த கோமறைக் கழகம் அதை மாற்றி, வழக்காட முடியும் என்றது. சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கிய மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்வி இறுதிவரை தீர்க்கப்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெளிப்படையான வழி விரைவானதன்று, சில வேளைகளில் பாதியிலேயே நின்றும் விடுகிறது.

தோட்டத்துப் பேத்தி அவர்களுக்கு: 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் விண்ணப்பம் பற்றிய பரிந்துரையின் பிரதியையும், நிராகரிக்கப்பட்டிருந்தால் அதற்கான காரணத்தையும் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள், தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் உங்களுக்கு அறிவிக்க வேண்டும்.

மறுமொழி — குளக்கட்டு

மூவருக்கும் நன்றி. பனங்காமம் ஐயா சொன்னவாறு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தாளில் குறிப்பெழுதி, சேதத்தின் படங்களையும் இணைத்து, பதிவேட்டு இலக்கமிட்டுக் கையளிக்கிறேன். பூட்டிய வீட்டைப் பற்றியும் கண்டதையே எழுதியிருக்கிறேன். அதனால் ஊரில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் இப்போதே சிலர் உண்டு.

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. ஒப்பமிட்டு அனுப்பியதோடு எனது கடமை முடிந்துவிடுகிறது என்று இனி என்னால் சொல்ல முடியாது. ஆனால் மேலிடத்துக்கு அனுப்பிய கோவையைப் பற்றித் திரும்பத் திரும்ப விசாரிக்கும் கிராம அலுவலரை "ஒரு பக்கம் சார்ந்தவர்" என்று சொல்லிவிடுவது இங்கே மிக எளிது. ஐயா, உங்கள் காலத்தில் இதை எவ்வாறு கையாண்டீர்கள்?

மறுமொழி — பனங்காமம்

மாதாந்த முன்னேற்ற அறிக்கையில் "பரிந்துரைத்து முடிவு கிடைக்காதவை" என்று ஒரு தலைப்பிட்டு, எல்லாப் பகுதிக் குடும்பங்களின் கோவைகளையும் திகதி வரிசையில் எழுதி அனுப்புவோம். அதனால் ஒரு பக்கம் சார்ந்தவர் என்ற குற்றச்சாட்டுக்கு இடமிருக்கவில்லை, பதில் சொல்ல வேண்டிய பொறுப்பும் மேசை மாறிச் சென்றது. வெளிநாட்டில் இருப்பவரின் பெயரிலுள்ள அனுமதிப்பத்திரங்களை மட்டும் தனியாகப் பிரித்து வையுங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரக்காரர் காணியில் தானே குடியிருந்து அபிவிருத்தி செய்ய வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அந்த வழியில் விசாரணை கோருமாறு காணி உத்தியோகத்தருக்கு எழுதினால், குடியிருப்பவரின் பெயருக்கு மாற்றுவது பற்றிய பேச்சையாவது தொடங்கலாம். எழுதும்போது பிரதி ஒன்றை அந்தக் குடும்பத்துக்கும் கொடுங்கள்.

மறுமொழி — தோட்டத்துப் பேத்தி

பிரதி கிடைக்குமென்றால் தகவல் கோரும் விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்க எங்கள் பெண்கள் சங்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். பதிவேட்டு இலக்கத்தைப் பிரதியின் மேல் மூலையில் எழுதிவிடுங்கள். அது இல்லாமல் போனால் கோவையைத் தேடுகிறோம் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள்.